பழைய ஹைலக்ஸ் 22ஆர்: ஐந்தாம் நம்பர் பிளக்கா, ஆறா, இரிடியமா?

நிஸ்வா தோட்டக்காரன்:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். ஓமானில் நிஸ்வா பக்கம் பிர்கத் அல் மௌஸில் ஒரு பேரீச்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறேன். அர்பாபிடம், அதாவது முதலாளியிடம், 1993 மாடல் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் ஒன்று இருக்கிறது. பெட்ரோல், 22ஆர் இன்ஜின், கார்புரேட்டர், ஃபோர் வீல். தோட்டத்துக்குள் உரம், பைப், ஆள் எல்லாம் இதில்தான். அவருக்கு ஜபல் அக்தர் மேலே சைக் பக்கம் ஒரு மாதுளைத் தோட்டமும் உண்டு. சீசனில் அடிக்கடி மேலே ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.

இப்போது பிரச்சினை என்னவென்றால், வண்டி ஸ்லோவில் நிற்கும்போது உதறுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு சிலிண்டர் எடுக்காத மாதிரி கொஞ்ச நேரம் டப டப என்று ஓடிவிட்டு அப்புறம் சரியாகிறது. மலை ஏறும்போது செகண்ட் கியரில் கால் அழுத்தினால் கடகடவென்று நாக்கிங் சத்தம். பெட்ரோலும் முன்பைவிட அதிகம் குடிக்கிறது.

பிளக் மாற்றலாம் என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர், "இது சூட்டு நாடு, ஐந்தாம் நம்பர் போட்டால் உருகிவிடும், ஆறுதான் போடணும், நாக்கிங்கும் நின்றுவிடும்" என்றார். அப்புறம், "எதற்கு இதெல்லாம், இரிடியம் போடு, வண்டி சாகும் வரைக்கும் திறக்கவே வேண்டாம்" என்று ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். சாதா பிளக் ஒன்று ஒரு ரியாலுக்குக் கீழே. இரிடியம் அதைப்போல நான்கு மடங்கு சொல்கிறார். அர்பாப் நல்ல மனுஷன், "எது சரியோ அதைப் போடு, பில்லை மட்டும் கொண்டு வா" என்கிறார். அதனால்தான் பயமாக இருக்கிறது, அவர் காசில் தப்பான சாமான் வாங்கிவிடக் கூடாது.

அடுத்த மாதம் முல்கியா (வண்டிப் பதிவு) முடிகிறது, பாஸிங் என்கிற வண்டிச் சோதனைக்குப் போக வேண்டும். எந்த பிளக் வாங்கலாம்? நம்பரோடு சொன்னால் புண்ணியமாகப் போகும்.

மதுரை டீசல்:

ஹைலக்ஸில் ஏது தம்பி ஸ்பார்க் பிளக்? இங்கே 2022-ல் வந்ததிலிருந்து 2.8 டீசல் மட்டும்தான். இன்ஜெக்டரைப் பாருங்கள்.

தம்மாம் டிரைவர்:

மதுரை அண்ணே, வளைகுடாவில் ஹைலக்ஸ் என்றால் பாதிக்கு மேல் பெட்ரோல்தான். இந்தப் பக்கம் வந்து பாருங்கள், தண்ணீர் வண்டி, காஸ் வண்டி எல்லாம் பெட்ரோலில் ஓடும்.

கேட்டவருக்கு: கண்ணை மூடிக்கொண்டு இரிடியம் போடுங்கள். நான் ஓட்டுவது ஹைலக்ஸ் 2.7. கம்பெனி வண்டி, ரியாத்துக்கும் ஜுபைலுக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். இரிடியம்தான் போட்டிருக்கிறார்கள், ஒரு தொந்தரவும் கிடையாது. நான்கு மடங்கு விலை என்றாலும் நான்கு மடங்குக்கு மேல் உழைக்கிறது. கணக்குப் போட்டால் அதுதான் மலிவு.

சனாயா மெக்கானிக்:

தம்பி, ஷார்ஜா சனாயாவில், அதாவது தொழிற்பேட்டையில், இந்த 22ஆர் இன்ஜினைப் பிரித்து மாட்டியே தலை நரைத்தவன் நான். நம்பரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என்ஜிகே என்றால் பிபிஆர்5இஒய், டென்ஸோ என்றால் டபிள்யூ16இஎக்ஸ்ஆர்-யூ. இரண்டில் எது ஒரிஜினலாகக் கிடைக்கிறதோ அது. இடைவெளி 0.8 மில்லிமீட்டர். பிபிஆர்5இஎஸ் கிடைத்தாலும் வாங்கு, நடு முனையில் அந்தச் சின்ன வெட்டுப் பள்ளம் இருக்காது, மற்றதெல்லாம் ஒன்றே.

இப்போது அந்தக் கடைக்காரர் சொன்ன "சூட்டு நாடு" விஷயம். இதை வளைகுடாவில் எல்லாக் கவுண்டரிலும் சொல்வார்கள். சொல்கிறவரும் நம்பித்தான் சொல்கிறார், ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம். ஆனால் யோசித்துப் பார். சிலிண்டருக்குள் எரிகிற வாயு 2,000 டிகிரிக்கு மேல் போகிறது. வெளியே ஜனவரியில் 25, ஜூலையில் 48. இந்த 23 டிகிரி வித்தியாசம் பிளக்குக்குத் தெரியவே தெரியாது. பிளக்கின் மூக்கு எவ்வளவு சூடாகும் என்பதை முடிவு செய்வது நீ எவ்வளவு பாரம் ஏற்றி எவ்வளவு வேகத்தில் எவ்வளவு நேரம் விரட்டுகிறாய் என்பதும், கார்புரேட்டர் கொடுக்கிற கலவையும், டைமிங்கும், அதாவது பொறி விழும் நேரமும்தான்.

அந்த 5, 6 என்கிற நம்பர் எதற்கு? பிளக்கின் நுனியில் வெள்ளைப் பீங்கான் மூக்கு இருக்கிறது அல்லவா, அது நீளமாக இருந்தால் சூடு சிலிண்டர் ஹெட்டுக்கு இறங்க நேரமாகும், நுனி சூடாகவே இருக்கும். குட்டையாக இருந்தால் சீக்கிரம் இறங்கிவிடும். நுனி 450 டிகிரிக்கு மேலே இருந்தால்தான் தன்மேல் படிகிற கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850-ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால் பொறி வரும் முன்பே பெட்ரோல் அதன் மேல் பற்றிக்கொள்ளும், அது பிஸ்டனைத் தின்றுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். என்ஜிகே 5 சூடான பிளக், 6 அதைவிடக் குளிர்ச்சி. டென்ஸோவில் அதே 5-க்கு 16, 6-க்கு 20.

22ஆர் 1981-ல் வந்த இன்ஜின். 2,366 சிசி, கம்ப்ரஷன் 9-க்கு 1. டர்போ கிடையாது, ஆவேசம் கிடையாது. நீ தோட்டத்துக்குள் ஃபர்ஸ்ட் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கிறாய். அதற்கு 6 போட்டால் நுனி சூடே ஏறாது, கரி படியும், மிஸ்ஸிங் வரும். உருகுவது இருக்கட்டும், உன் வண்டிக்கு எதிர்ப்பக்கத்து வியாதிதான் வரும். பாரம் ஏற்றிக்கொண்டு ஹைமா வழியாக சலாலா ரோட்டில் நாள் முழுக்க விரட்டுகிறவன் கேட்டால் 6 போடு என்பேன். நீ அவனில்லை.

இன்னொன்று, கவுண்டரில் நம்பரை மட்டும் பார்த்து வாங்காதே. போஷ் பிளக்கில் கணக்கு தலைகீழ். என்ஜிகே 5-க்கு அங்கே டபிள்யூஆர்8டிசி, 6-க்கு டபிள்யூஆர்7டிசி. எண் ஏறினால் சூடு ஏறும். சாம்பியனும் அப்படித்தான். "ஐந்து கொடு" என்று வாய்மொழியாகக் கேட்டு எந்தப் பிராண்டையோ வாங்கிப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் என்னிடம் நிறைய வந்திருக்கிறார்கள்.

எழுத்தையும் பார். பிபிஆர்5இஒய்-இல் உள்ள "இ" என்றால் மரை நீளம் 19 மில்லிமீட்டர். அந்த இடத்தில் "எச்" இருந்தால் 12.7 தான். அதுவும் அதே மரையில் சுலபமாக ஏறும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் ஹெட்டில் மீதி மரை வெறுமையாக நிற்கும், அதில் கரி இறுகும். அடுத்த தடவை சரியான நீள பிளக்கைப் போடும்போது அலுமினிய மரையைப் பிய்த்துக்கொண்டு இறங்கும். "ஆர்" என்பது உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது என்பதற்கு. அது இல்லாவிட்டால் ரேடியோவில் கரகரப்பு. கடைசியில் "-11" என்று போட்டிருந்தால் இடைவெளி 1.1, அது உனக்கு வேண்டாம். ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்புகிற பழைய டிஸ்ட்ரிபியூட்டர், பழைய காயில், அவ்வளவு தூரம் தாவச் சொன்னால் பொறி டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ளேயே வேறு வழி தேடிக்கொள்ளும்.

தம்மாம் தம்பி சொன்னது அவர் வண்டிக்குச் சரி. 2.7 என்பது 2டிஆர் இன்ஜின். அதில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை, ஒவ்வொரு பிளக் மேலேயும் தனிக் காயில், பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து விடுகிறது. பிளக் அழுக்காக வாய்ப்பே குறைவு, அதனால் இரிடியம் தன் ஆயுள் முழுக்க உழைக்கும். 22ஆரில் பிளக் தேய்ந்து சாவது அபூர்வம், அழுக்கேறித்தான் சாகும். கார்புரேட்டர் கரியும் வால்வு வழியாக வருகிற ஆயிலும் இரிடியம் என்று பார்த்து விலகிப் போகாது. அதோடு, கடையில் தனியாக விற்கிற இரிடியம் பலவற்றில் நடு முனை மட்டும்தான் இரிடியம், எதிர் முனை சாதா நிக்கல். கம்பெனியிலிருந்து வருகிற இரண்டு பக்கமும் பதித்த பிளக்கின் ஆயுளை அதில் எதிர்பார்க்க முடியாது. அந்த முனை 0.4, 0.6 மில்லிமீட்டர் ஊசி, பிரஷ் போட்டுத் தேய்த்தால் போயிற்று. நிக்கல் பிளக்கை நீ கழற்றித் துடைத்துத் திரும்பப் போடலாம். 20,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை கழற்றிப் பார், 30,000-இல் மாற்று.

இத்தனையும் சொன்ன பிறகு, வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய். இன்ஜின் ஆறிய பிறகு இருக்கிற நான்கையும் கழற்று. முதலில் பிளக் குழியில் உள்ள மண்ணைக் காற்றடித்து ஊது, இல்லாவிட்டால் அத்தனையும் சிலிண்டருக்குள் போகும். ஒயரைப் பிடித்து இழுக்காதே, ரப்பரைப் பிடித்துத் திருகி இழு. சாக்கெட் 21. எந்த சிலிண்டரில் எது இருந்தது என்பது மாறாமல் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் மேல் என்ன எழுதியிருக்கிறது, நுனி என்ன நிறம் என்று இங்கே எழுது. ரேடியேட்டர் பக்கம் உள்ளது ஒன்றாம் நம்பர்.

ரூவி கவுண்டர்:

மஸ்கட் ரூவியில் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் நிற்கிறேன். மெக்கானிக் அண்ணன் நம்மவர்களைக் கொஞ்சம் கிள்ளிவிட்டார், பரவாயில்லை, உண்மைதான்.

நான் சொல்ல வந்தது டூப்ளிகேட் பற்றி. அதிகம் விற்கிற நம்பரைத்தான் போலி செய்கிறவனும் செய்வான், பழைய ஹைலக்ஸ் பிளக் அந்த வரிசையில் முன்னால் நிற்கிறது. பெட்டியைப் பார்த்துக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள், பெட்டியை இப்போது நன்றாகவே அச்சடிக்கிறார்கள். பிளக்கை வெளியே எடுங்கள். வாஷரை விரலால் சுற்றுங்கள். ஒரிஜினலில் அது சுற்றும், ஆனால் மரையைத் தாண்டிக் கழன்று வராது. போலியில் பல தடவை கையோடு வந்துவிடும். அப்புறம் நுனியை நேராகக் கண்ணுக்கு எதிரே பிடியுங்கள். நடு முனையும் மேலே வளைந்த முனையும் ஒன்றுக்கொன்று நேராக நிற்க வேண்டும். ஒன்று சாய்ந்திருந்தால், நான்கு பிளக்கில் இடைவெளி நான்கு விதமாக இருந்தால், வைத்துவிட்டு வாருங்கள். மரை பளபளவென்று பிசிறில்லாமல் இருக்க வேண்டும், அறுகோணத்தில் குத்தியிருக்கும் எண் ஆழமாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும்.

பெட்டியில் நிட்டெரா என்ற பெயரைப் பார்த்துச் சிலர் போலி என்று திருப்பிக் கொண்டுவருகிறார்கள். என்ஜிகே கம்பெனி 2023-இல் தன் பெயரை அப்படி மாற்றிக்கொண்டது, பிளக்கின் பிராண்ட் என்ஜிகேதான். அதற்குப் பயப்பட வேண்டாம்.

இன்னொரு விஷயம், பில்லில் "பிளக் 4" என்று மட்டும் எழுத விடாதீர்கள். முழு நம்பரையும் எழுதச் சொல்லுங்கள். திருப்பிக் கொடுக்கப் போனால் அந்த நம்பர்தான் பேசும்.

நிஸ்வா தோட்டக்காரன்:

அண்ணன்மார்களே, ரொம்ப நன்றி. வெள்ளிக்கிழமை கழற்றிப் பார்த்தேன். நான்கும் ஒன்று இல்லை!

ஒன்று, இரண்டு, மூன்று மூன்றிலும் என்ஜிகே பிபிஆர்6இஎஸ். நான்காவதில் மட்டும் போஷ் டபிள்யூஆர்8டிசி. எனக்கு முன்னால் இருந்தவர் கிடைத்ததைப் போட்டிருக்கிறார் போல.

ஒன்றும் இரண்டும் கறுப்பு, காய்ந்த கரி, விரலில் அடுப்புக்கரி மாதிரி ஒட்டுகிறது. மூன்றும் கறுப்பு, ஆனால் ஈரம், பளபளப்பு, தொட்டால் வழவழ. பெட்ரோல் வாசனையில்லை, எரிந்த ஆயில் வாசனை. நான்கு மட்டும் அழகாக வெளிர் பழுப்பு, டீத்தூள் போடாத பால் மாதிரி என்று சொல்ல முடியாது, கொஞ்சம் டீ கலந்த நிறம்.

ஏர் ஃபில்டரையும் திறந்து பார்த்தேன். தட்டினால் ஒரு கைப்பிடி மண் வந்தது.

கழற்றுவதற்கு முந்தின நாள்தான் மலையிலிருந்து இறங்கினேன். அதைச் சொல்ல வேண்டுமா தெரியவில்லை.

சனாயா மெக்கானிக்:

சொல்ல வேண்டியதே அதுதான் தம்பி.

சைக் கிட்டத்தட்ட 2,000 மீட்டர் உயரம். அங்கே காற்று ஐந்தில் ஒரு பங்கு மெலிந்துவிடும். கம்ப்யூட்டர் வண்டி அதைத் தெரிந்துகொண்டு பெட்ரோலைக் குறைக்கும். சாதாரணக் கார்புரேட்டருக்கு அது தெரியாது, கீழே விட்ட கணக்கிலேயே விட்டுக்கொண்டிருக்கும். அதனால் மேலே நீ சுற்றுகிற நேரமெல்லாம் கலவை கெட்டி. ஏற்கெனவே ஃபில்டரில் ஒரு கைப்பிடி மண். அதோடு குளிர்ந்த ஆறாம் நம்பர். ஒன்றும் இரண்டும் கறுக்காமல் என்ன செய்யும்? இறங்கும்போது காலை எடுத்துவிட்டு இன்ஜின் பிரேக்கில் வந்திருப்பாய், அதுதான் சரி, ஆனால் அப்போதும் பிளக் சூடேறாது.

நான்காம் நம்பரைப் பார். நிஜத்தில் அது ஐந்தாம் நம்பர் சூடு, போஷ் கணக்கில் எட்டு என்று எழுதியிருக்கிறார்கள். அதே ஃபில்டர், அதே கார்புரேட்டர், அதே மலை, அது மட்டும் பழுப்பு. பின்னால் இருக்கிற சிலிண்டர் கொஞ்சம் சூடாக ஓடும் என்பதும் உண்டு, அதனால் முழுச் சாட்சியாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனாலும் உன் இன்ஜின் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிகிறது. ஐந்துதான்.

மூன்றாம் நம்பர் வேறு கதை. அது பிளக்கின் குற்றமில்லை, ஆயில் இறங்குகிறது. வால்வு சீலா, பிஸ்டன் ரிங்கா என்று பார்க்க வேண்டும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு குபுக் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் சீல். ஓட்டும்போது, பாரத்தில், கால் அழுத்த அழுத்தப் புகை வந்தால் ரிங். பிளக் வெளியே இருக்கும்போதே கம்ப்ரஷன் பார்த்துவிடு. இன்ஜின் சூடாக இருக்கும்போது, நான்கு பிளக்கையும் கழற்றி, காயில் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு கிராங்க் செய். 171 பிஎஸ்ஐ நல்ல இன்ஜின். 142-க்குக் கீழே எதுவும் போகக் கூடாது. சிலிண்டருக்குச் சிலிண்டர் 14-க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்பப் பார், ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

நான்கு பிளக்கில் ஒன்று மட்டும் சுத்தமாக வெள்ளை வெளேரென்று இருந்திருந்தால் பயந்திருப்பேன், ஹெட் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் போகிறது என்று அர்த்தம். உனக்கு அது இல்லை, நல்லது.

புதுசு மாட்டும்போது, ஒயர் கேஜ் வைத்து 0.8 இருக்கிறதா பார். பெட்டியோடு கீழே விழுந்து முனை நசுங்கியிருக்கலாம். வளைப்பதானால் வெளி முனையை மட்டும் வளை, நடு முனையில் கருவியை ஊன்றாதே, பீங்கான் விரியும். பிளக்கின் தலையில் ஒரு துண்டு பெட்ரோல் ஹோஸைச் செருகி, அதைப் பிடித்து விரலாலேயே திருகு. மரை கோணலாகப் பிடித்தால் ஹோஸ் வழுக்கிவிடும், அலுமினிய ஹெட் பிழைக்கும். வாஷர் தொட்ட பிறகு ரெஞ்சில் அரைச் சுற்று. டார்க் ரெஞ்ச் இருந்தால் 18 நியூட்டன் மீட்டர். பழைய பிளக்கைத் துடைத்துத் திரும்பப் போடுகிறாய் என்றால் அரைச் சுற்று கொடுக்காதே, வாஷர் ஏற்கெனவே நசுங்கியது, லேசாகப் பிடித்தால் போதும். நம் ஆட்கள் பிளக்கை வீல் நட் மாதிரி இறுக்குவார்கள், அந்தப் பழக்கத்தில்தான் பாதி ஹெட் மரை போகிறது.

ஒயர் நான்கையும் மீட்டரில் பார்த்துவிடு. ஒன்று 25,000 ஓமைத் தாண்டினால் தூக்கிப் போடு. ஃபில்டரை மாற்று, தட்டிப் போடாதே.

தம்மாம் டிரைவர்:

சரி அண்ணே, ஒத்துக்கொள்கிறேன், என் வண்டியை வைத்துச் சொன்னேன். அந்த ஹோஸ் வேலை எனக்கும் உபயோகம்.

நிஸ்வா தோட்டக்காரன்:

டென்ஸோ டபிள்யூ16இஎக்ஸ்ஆர்-யூ நான்கும் நிஸ்வாவிலேயே வேறு கடையில் கிடைத்தது. ரூவி அண்ணன் சொன்ன மாதிரி வாஷர், மரை எல்லாம் பார்த்து வாங்கினேன், பில்லில் நம்பர் எழுதச் சொன்னபோது ஒரு மாதிரிப் பார்த்தார், எழுதிக் கொடுத்துவிட்டார். ஃபில்டரும் புதுசு. ஒயரில் இரண்டாம் நம்பர் மீட்டரில் காட்டவே இல்லை, உள்ளே அறுந்திருக்கிறது. செட்டாக மாற்றிவிட்டேன்.

ஸ்லோவில் உதறல் நின்றுவிட்டது. அர்பாப் ஏறி உட்கார்ந்து ஓட்டிப் பார்த்துவிட்டு, "இன்ஜின் மாற்றினாயா" என்று கேட்டார்.

கம்ப்ரஷன் பக்கத்துக் கராஜில் பார்த்தோம். ஒன்று 160, இரண்டு 158, மூன்று 155, நான்கு 160. காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை ஒரு தடவை வருகிறது, அப்புறம் இல்லை. அப்போ சீல்தானே?

ஆனால் நாக்கிங் இன்னும் இருக்கிறது. மலை அடிவாரத்தில் செக் போஸ்ட் தாண்டி ஏற ஆரம்பித்ததும் வருகிறது. பாதிக்கு மேல் போனால் குறைந்துவிடுகிறது. ஆறாம் நம்பர் போட்டிருந்தால் நின்றிருக்குமோ என்று ஒரு சின்ன சந்தேகம். அதில்லாமல், மூன்றாம் நம்பர் மறுபடி ஆயிலில் நனைந்துவிடுமே, அதற்கு என்ன செய்வது? கராஜ்காரர் ஹெட்டைக் கழற்றாமலே சீல் மாற்றித் தருகிறேன் என்கிறார்.

சனாயா மெக்கானிக்:

கழற்றும் முன் ஆறுதானே இருந்தது, அப்போதும் நாக்கிங் இருந்ததே! அந்தச் சந்தேகத்தை விட்டுவிடு. பொறிக்கு முன்னால் தானாகப் பற்றினால்தான் குளிர்ந்த பிளக் உதவும். உனக்கு வருவது பொறி வந்த பிறகு மூலையில் மிச்சமிருக்கும் கலவை அழுத்தம் தாங்காமல் ஒரேயடியாக வெடிக்கிற சத்தம். உயரம் ஏற ஏறக் காற்று மெலிந்து, சிலிண்டரில் அழுத்தம் குறைந்து, சத்தம் குறைகிறது பார், அதுவே அடையாளம். அதற்கு மருந்து டைமிங்கும் பெட்ரோலும். எம்91 (சாதா பெட்ரோல்) போட்டுக்கொண்டிருந்தால் மலைக்குப் போகும் நாளில் எம்95 (சூப்பர்) போட்டுப் பார். டைமிங் லைட் உள்ள கராஜில், பானெட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு வைக்கச் சொல். காதால் கேட்டு டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புகிறவரிடம் கொடுக்காதே. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி ரோட்டரைக் கையால் திருப்பி விடு, ஸ்பிரிங் மாதிரி தானே திரும்பி வர வேண்டும். சோம்பலாக நின்றால் உள்ளே, வேகத்துக்கேற்ப டைமிங்கை நகர்த்துகிற கவர்னர் எடை ஒட்டிக்கொண்டிருக்கிறது, டைமிங் முன்னால் தள்ளியே நிற்கும். மண் நாட்டில் இது சகஜம், சுத்தம் செய்து ஒரு துளி ஆயில் விட்டால் சரியாகும்.

கம்ப்ரஷன் பரவாயில்லை, மூன்றும் கூடச் சேர்ந்துதான் நிற்கிறது. ரிங் நன்றாக இருக்கிறது, சீல்தான்.

கராஜ்காரர் சொல்வதைக் கேட்டு அவசரப்படாதே. பல இன்ஜினில் சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி வைத்துக்கொண்டு மேலேயே சீல் மாற்றலாம். 22ஆரில் ராக்கர் ஆர்ம் தண்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளும் ஹெட் போல்ட்டுகளும் ஒன்றே. ராக்கரைக் கழற்றினால் ஹெட்டின் பிடி போய்விடும். திரும்ப இறுக்கினாலும் பழைய கேஸ்கெட் பிடிக்குமா என்பது அவரவர் அதிர்ஷ்டம். சிலர் செய்கிறார்கள், நான் செய்து கொடுக்க மாட்டேன். செய்வதானால் ஹெட்டை இறக்கி, எட்டு சீலும் புது கேஸ்கெட்டும் போட்டு, அதோடு டைமிங் செயின் கைடையும் பார்த்துவிட வேண்டும். இந்த இன்ஜினில் பிளாஸ்டிக் கைடு உடைந்தால் செயின் முன் மூடியையே அறுத்துவிடும். காலையில் முன்பக்கம் ஒரு கரகரச் சத்தம் கேட்கிறதா என்று கவனி.

அதுவரைக்கும் மூன்றாம் நம்பருக்கு மட்டும் ஒரு படி சூடான பிளக் போடலாம், என்ஜிகே பிபிஆர்4இஒய். ஆயிலைக் கொஞ்சம் எரித்துக்கொள்ளும். மலையில் பாரத்தோடு ரொம்பவும் விரட்டாமல் இருந்தால் போதும், மாதம் ஒரு தடவை கழற்றித் துடை. பாஸிங்குக்கு வண்டியைக் காலையில் முதல் ஸ்டார்ட்டிலேயே கொண்டுபோகாதே, நன்றாகச் சூடேற்றி ஓட்டிக்கொண்டு போ. மாதுளை சீசன் முடிந்ததும் அர்பாபிடம் ஹெட் வேலைக்குக் காசு கேள். என்னென்ன சாமான் வாங்க வேண்டும் என்று அப்போது எழுது, நம்பரோடு சொல்கிறேன்.